இரு பட்டங்கள், ஒரே பயிற்சிக் களம்: அமெரிக்காவில் ஆஸ்டியோபதி, அல்லோபதி மருத்துவர்களின் உள்ளுறைப் பயிற்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவத் தொழில் புரிய முழு உரிமை பெற்றவர்களின் பெயர்ப் பலகைகளை நோக்கினால், இரண்டு வகையான பட்டங்கள் காணப்படும். அவர்களுள் பெரும்பாலோர் எம்.டி. பட்டம் உடையவர்கள், மற்றையோர் டி.ஓ. பட்டம் உடையவர்கள். முன்னவர் அல்லோபதிக் கல்லூரிகளிலும், பின்னவர் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளிலும் பயின்றவர்கள். இரு சாராரும் எல்லா மருந்துகளையும் எழுதிக் கொடுக்கலாம். அறுவைச் சிகிச்சை செய்யலாம். இராணுவ மருத்துவராகப் பணியாற்றலாம். அந்நாட்டின் 50 மாநிலங்களில் எதிலும் சட்டம் இவர்களுக்கிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை.

எனினும், இவ்விரு சாராருக்கும் கல்லூரிப் படிப்பிற்குப் பின் அளிக்கப்படும் மருத்துவமனைப் பயிற்சி நெடுங்காலம் இரு வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருந்து வந்தது. 2020 ஆம் ஆண்டு ஜூன் 30 ஆம் நாளுடன் அந்நிலை முடிவுற்றது. இப்போது இரு சாராரும் ஒரே அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டே பயிற்சி பெறுகின்றனர். இப்பிரிவு தோன்றிய காரணம் யாது, அது எவ்வாறு நீங்கியது, இவற்றால் நோயாளிக்கு விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சில சொற்களின் விளக்கம்

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். நம் நாட்டில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்தவர் பெறும் மேற்பட்டம். அமெரிக்காவிலோ அதுவே முதல் மருத்துவப் பட்டம். பொதுவாக 4 ஆண்டுக் கல்லூரிப் பட்டம் பெற்ற பிறகு, மேலும் 4 ஆண்டுகள் மருத்துவக் கல்லூரியில் பயின்று எம்.டி. அல்லது டி.ஓ. பட்டம் பெறுகின்றனர். அதன் பின்னரே ‘ரெசிடென்ஸி’ என வழங்கும் உள்ளுறைப் பயிற்சி தொடங்குகின்றது. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றிற்கு இது 3 ஆண்டுகள் நீடிக்கும். மகப்பேறு மருத்துவத்திற்கும் மனநோய் மருத்துவத்திற்கும் 4 ஆண்டுகளும், பொது அறுவை மருத்துவத்திற்கு 5 ஆண்டுகளும், மூளை நரம்பு அறுவை மருத்துவத்திற்கு 7 ஆண்டுகளும் ஆகும்.

‘அல்லோபதி’ என்னும் சொல்லை ஆக்கியவர் ஹோமியோபதி முறையை வகுத்த ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் ஆவார். தம் முறைக்கு மாறான மருத்துவத்தைக் குறிக்க அவர் இட்ட பெயர் அது. அமெரிக்காவில் எம்.டி. கல்லூரிகளை டி.ஓ. கல்லூரிகளினின்றும் பிரித்துக் காட்டும் பொருட்டு அச்சொல் இன்றும் வழங்குகின்றது.

‘ஆஸ்டியோபதி’ என்ற சொல்லிலும் எச்சரிக்கை தேவை. பிரிட்டன் முதலிய நாடுகளில் ஆஸ்டியோபதியர் எனப்படுவோர் கைகளால் சிகிச்சை செய்வோரே. மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற மருத்துவர் அல்லர். அமெரிக்க டி.ஓ. பட்டதாரியோ முழு மருத்துவர். ஆகவே ஒருவர் தம்மை ஆஸ்டியோபதியர் என்று கூறிக்கொண்டால், அவர் எந்நாட்டில், எத்தகைய பயிற்சி பெற்றவர் என்பதைக் கேட்டறிவது அவசியம்.

கிர்க்ஸ்வில் நகரில் தோன்றிய நெறி

ஆஸ்டியோபதியை நிறுவியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர். 1828 இல் வர்ஜீனியாவில் பிறந்த இவர், எல்லைப்புறக் குடியேற்றங்களில் மருத்துவராகப் பணி புரிந்தவர். 1864 இல் மூளை உறைக் காய்ச்சலால் இவருடைய மக்கள் மூவர் மாண்டனர். அக்காலத்து மருந்துகள் எவையும் அவர்களைக் காக்கவில்லை. பாதரச மருந்துகளும், பேதி மருந்துகளும், இரத்தம் வெளியேற்றுதலும் மருத்துவம் என்று மதிக்கப்பட்ட காலம் அது. அம்மருந்துகளால் விளைந்த நன்மையினும் தீமையே மிகுதி என்னும் முடிவிற்கு ஸ்டில் வந்தார்.

எலும்புகளும் தசைகளும் தம் நிலையினின்றும் பிறழ்வதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நோய் உண்டாகின்றது என்றும், அப்பிறழ்ச்சியைக் கைகளால் சீர்செய்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்றும் அவர் கருதினார். 1874 இல் இக்கொள்கையை வெளியிட்டார். 1892 இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் நகரில் முதல் ஆஸ்டியோபதிப் பள்ளியைத் தொடங்கினார். அதன் முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

எல்லா நோய்க்கும் எலும்புப் பிறழ்ச்சியே காரணம் என்ற கருத்து அறிவியலுக்கு ஒத்ததன்று. கிருமிகளால் நோய் உண்டாதல், ஊசி மருந்துகள், மயக்க மருந்துடன் கூடிய அறுவை முதலியவற்றைப் புறக்கணித்து எந்த மருத்துவ நெறியும் நிலைக்க இயலாது. இதனை ஆஸ்டியோபதிக் கல்லூரிகளும் படிப்படியாக உணர்ந்தன. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருந்தியல் அவற்றின் பாடத் திட்டத்தில் இடம் பெற்றது. இன்று டி.ஓ. மாணவர் பயிலும் உடற்கூறு, உடலியல், நோய்க்குறியியல், மருந்தியல் ஆகியவை எம்.டி. மாணவர் பயில்வனவே. இவற்றுடன் ஏறத்தாழ 200 மணி நேரம் கைமுறைச் சிகிச்சைப் பயிற்சியும் டி.ஓ. மாணவருக்கு அளிக்கப்படுகின்றது.

உள்ளுறைப் பயிற்சியின் பிறப்பு

ஏட்டுப் படிப்பு மட்டும் ஒருவரை மருத்துவராக்காது. நோயாளியின் படுக்கையருகே, அனுபவம் மிக்க ஒருவரின் மேற்பார்வையில், பொறுப்பைச் சிறிது சிறிதாக ஏற்றுப் பழகுவதே மருத்துவரை உருவாக்குகின்றது. இம்முறையை அமெரிக்காவில் ஒழுங்குபடுத்திய பெருமை, பால்ட்டிமோர் நகரில் 1889 இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சாரும். அங்கே பொது மருத்துவத்தில் வில்லியம் ஆஸ்லரும், அறுவை மருத்துவத்தில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் இப்பயிற்சியை வகுத்தனர். பயிற்சி பெறுவோர் மருத்துவமனையிலேயே உறைந்தமையால் ‘ரெசிடெண்ட்’, அதாவது உள்ளுறை மருத்துவர், எனப் பெயர் பெற்றனர். இன்று அவர்கள் வெளியே வசிப்பினும் பெயர் மாறவில்லை.

1910 இல் ஆப்ரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வியாளர் கார்னிகி அறநிறுவனத்தின் சார்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து எழுதப்பட்டது அது. ஆய்வுக்கூடம் இல்லாதவை, மருத்துவமனைத் தொடர்பு இல்லாதவை, கட்டணம் பெறுவதையே நோக்கமாகக் கொண்டவை எனப் பல பள்ளிகளை அது கடுமையாகக் கண்டித்தது. அக்கண்டனம் எம்.டி. பள்ளிகள் பலவற்றையும், அன்றிருந்த ஆஸ்டியோபதிப் பள்ளிகளையும் ஒருங்கே தாக்கிற்று. அடுத்த ஆண்டுகளில் தரங்குறைந்த எம்.டி. பள்ளிகள் பல மூடப்பட்டன. எஞ்சியவை பல்கலைக்கழகங்களோடும் பெரிய மருத்துவமனைகளோடும் இணைந்தன. ஆஸ்டியோபதிப் பள்ளிகளுக்கோ அத்தகைய பொருள் வளமும் மருத்துவமனை வளமும் எளிதில் கிட்டவில்லை.

மூடிய கதவுகளும் தனி மருத்துவமனைகளும்

டி.ஓ. பட்டதாரிகளை அமெரிக்க மருத்துவச் சங்கம் நெடுங்காலம் போலி மருத்துவர் என்றே கருதிற்று. அவர்களோடு கலந்து சிகிச்சை செய்வது தொழில் ஒழுக்கத்திற்கு மாறானது என்று எம்.டி. மருத்துவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது. ஆகவே பெரும்பாலான மருத்துவமனைகளின் கதவுகள் டி.ஓ. மருத்துவர்களுக்கு மூடப்பட்டே இருந்தன. இரு உலகப் போர்களிலும் அவர்கள் இராணுவ மருத்துவ அதிகாரிகளாக ஏற்கப்படவில்லை.

தடை ஏற்பட்ட இடத்தில் டி.ஓ. மருத்துவர்கள் தமக்கென மருத்துவமனைகளை எழுப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது எம்.டி. மருத்துவர் பலர் போர்க்களம் சென்றனர். ஊரில் எஞ்சிய டி.ஓ. மருத்துவரை மக்கள் நாடினர். அவர்களுடைய சிகிச்சையில் நம்பிக்கையும் கொண்டனர். அம்மருத்துவமனைகளிலேயே ஆஸ்டியோபதி உள்ளுறைப் பயிற்சியும் வளர்ந்தது. அதற்கு விதிகள் வகுத்து அங்கீகாரம் அளித்தது அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கம். இவ்வாறு ஒரே நாட்டில், ஒரே வகை நோயாளிகளுக்காக, இரு வேறு பயிற்சி அமைப்புகள் எழுந்தன.

கலிபோர்னியாவின் படிப்பினை

1960 களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஒரு செய்தி இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. அம்மாநிலத்தின் மருத்துவச் சங்கமும் ஆஸ்டியோபதிச் சங்கமும் 1961 இல் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. அதன்படி லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாற்றப்பட்டது. 65 டாலர் கட்டணம் செலுத்திய டி.ஓ. மருத்துவர் எவரும், புதிதாக எதுவும் பயிலாமலே, எம்.டி. பட்டம் பெறலாம் என அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேர் அவ்வாறு பெற்றனர். 1962 இல் வாக்காளர் ஒப்புதலுடன் நிறைவேறிய சட்டத்தால் புதிய டி.ஓ. மருத்துவர்களுக்கு உரிமம் வழங்குவது அங்கு நிறுத்தப்பட்டது.

ஆஸ்டியோபதி இதனோடு மறையும் என்று பலர் எதிர்பார்த்தனர். விளைந்தது வேறு. 65 டாலரும் ஒரு சான்றிதழும் ஒருவரை முழு மருத்துவராக்கக் கூடுமாயின், அவர் முன்பே முழு மருத்துவராக இருந்தார் என்றுதானே பொருள்? இந்த வாதத்திற்கு மறுமொழி கூறுவது எளிதாக இல்லை. 1966 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை டி.ஓ. மருத்துவர்களை இராணுவ மருத்துவ அதிகாரிகளாக ஏற்றது. 1969 இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அவர்களுக்கு உறுப்பினர் உரிமையையும், எம்.டி. பயிற்சித் திட்டங்களில் சேரும் வாய்ப்பையும் அளித்தது. அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரி உருவாயிற்று. 1973 இல் 50 மாநிலங்களிலும் முழு உரிமை கிட்டியது. கலிபோர்னியாவிலும் 1974 இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பால் டி.ஓ. மருத்துவர்களுக்கு உரிமம் வழங்குவது மீண்டும் தொடங்கிற்று.

இரு பயிற்சிகளும் வேறுபட்ட விதம்

1981 இல் எம்.டி. பயிற்சித் திட்டங்களை ஆராய்ந்து ஏற்பு வழங்குவதற்கெனப் பட்ட மேற்பயிற்சி மருத்துவக் கல்வி அங்கீகாரக் கழகம் நிறுவப்பட்டது. ஆஸ்டியோபதித் திட்டங்களின் பொறுப்பு ஆஸ்டியோபதிச் சங்கத்திடமே இருந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கின் மூன்று முக்கிய வேறுபாடுகள் தெரிய வரும்.

முதலாவது, தொடக்க ஆண்டு. ஆஸ்டியோபதி முறையில் நெடுங்காலம் எல்லாப் பட்டதாரிகளும் ஓராண்டுச் சுழற்சிப் பயிற்சி பெற வேண்டியிருந்தது. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் மாறி மாறிப் பணியாற்றிய பிறகே சிறப்புத் துறைக்குச் செல்லலாம். நம் நாட்டில் ஹவுஸ் சர்ஜன் பெறும் பயிற்சியை இது ஒருவாறு ஒத்தது. எம்.டி. முறையிலோ பட்டம் பெற்றவர் பெரும்பாலான துறைகளில் முதலாண்டிலேயே தம் துறையில் நுழைந்தார். சுழற்சிப் பயிற்சியால் பரந்த அனுபவம் கிட்டும். நேரடிப் பயிற்சியால் காலம் மிச்சமாகும்.

இரண்டாவது, பயிற்சி நிகழ்ந்த இடம். எம்.டி. திட்டங்களுள் பல பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளைச் சார்ந்தவை. அங்கே அரிய நோய்களைக் காணலாம்; ஆராய்ச்சியிலும் ஈடுபடலாம். ஆஸ்டியோபதித் திட்டங்கள் பெரும்பாலும் நடுத்தர ஊர்களின் பொது மருத்துவமனைகளில் நடைபெற்றன. அங்கே பயிற்சி மருத்துவர் சிலரே ஆதலின், மூத்த மருத்துவரின் அருகிலிருந்து நேரடியாகக் கற்கும் வாய்ப்பு மிகுதி. அரிய நோய்களைக் காணும் வாய்ப்போ குறைவு. இக்குறையை நீக்கும் பொருட்டு 1990 களில் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் இணைந்த பயிற்சிக் கூட்டமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன.

மூன்றாவது, திறன்களின் வரையறை. மருத்துவ அறிவு, நோயாளி பராமரிப்பு, அனுபவத்தினின்றும் கற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளல், பிறரோடு உரையாடும் திறன், தொழில் ஒழுக்கம், மருத்துவ அமைப்பினை அறிந்து செயற்படல் என ஆறு அடிப்படைத் திறன்களை அங்கீகாரக் கழகம் வகுத்தது. ஆஸ்டியோபதிச் சங்கம் இவற்றை ஏற்று, ஆஸ்டியோபதிக் கொள்கையும் கைமுறைச் சிகிச்சையும் என்று ஏழாவது ஒன்றைச் சேர்த்தது. ஆறு திறன்கள் பொது. ஒன்று மட்டுமே தனி. இரு முறைகளும் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதற்கு இதுவே சான்று.

இடம் தேடும் மாணவர்

பயிற்சி இடங்கள் வழங்கப்படும் முறையிலும் இரு பாதைகள் இருந்தன. 1952 முதல் அமெரிக்காவில் தேசிய இணைப்புத் திட்டம் ஒன்று நடைபெற்று வருகின்றது. மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி எழுதித் தருவர். மருத்துவமனைகளும் தாம் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தித் தரும். இன்றைய முறையில், ஒவ்வொரு மாணவரும் முதலில் தம் பட்டியலின் முதல் இடத்தில் தற்காலிகமாக வைக்கப்படுகின்றார். அவ்விடத்திற்கு மருத்துவமனை மேலாகக் கருதும் வேறொருவர் வந்தால், முன்னவர் தம் பட்டியலின் அடுத்த இடத்திற்குச் செல்வார். எல்லாரும் நிலைபெறும் வரை இது தொடரும். இறுதியில், ஒருவரையொருவர் மேலாக விரும்பியும் சேர இயலாத மாணவரும் மருத்துவமனையும் எஞ்சுவதில்லை. இத்தகைய இணைப்பு எப்போதும் இயலும் என்பதை கேல், ஷாப்லி என்னும் கணித அறிஞர்கள் 1962 இல் நிறுவினர். இத்திட்டத்தைத் திருத்தியமைத்த ஆல்வின் ராத்தும் லாயிட் ஷாப்லியும் 2012 இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

ஆஸ்டியோபதித் திட்டங்களுக்கென வேறோர் இணைப்பு, தேசிய இணைப்பிற்குச் சில வாரங்கள் முன்னதாக, பிப்ரவரியில் நடந்து வந்தது. டி.ஓ. மாணவர் இரண்டிலும் பதிவு செய்யலாம். ஆனால் பிப்ரவரியில் இடம் கிடைத்துவிட்டால், மார்ச்சில் நிகழும் தேசிய இணைப்பினின்றும் அவர் பெயர் நீக்கப்படும். கையிலுள்ள இடத்தை ஏற்பதா, பெரிய மருத்துவமனையை நம்பிக் காத்திருப்பதா என்னும் இக்கட்டிற்கு அவர் ஆளானார். கணவனும் மனைவியும் முறையே டி.ஓ., எம்.டி. மாணவராக இருப்பின் இக்கட்டு இரட்டிப்பாயிற்று. மறுபுறம், எம்.டி. மாணவர் ஆஸ்டியோபதித் திட்டங்களில் சேரவே இயலாது. ஒரு துறைக்கு ஆள் தேவைப்பட்ட சிற்றூர் மருத்துவமனை, தகுதியுள்ள எம்.டி. பட்டதாரி விரும்பி வந்தாலும் அவரை ஏற்க முடியாதிருந்தது.

ஒரே அளவுகோல்

2010 ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி.ஓ. பட்டதாரிகளில் பெரும் பகுதியினர் எம்.டி. பயிற்சித் திட்டங்களிலேயே சேர்ந்து வந்தனர். அப்போது அங்கீகாரக் கழகம் ஒரு விதித் திருத்தத்தை முன்வைத்தது. தன் ஏற்பைப் பெற்ற திட்டங்களில் பயின்றவரே தன் கீழுள்ள உயர் சிறப்புப் பயிற்சிகளில் சேரலாம் என்பது அதன் சாரம். இது நடைமுறைக்கு வருமாயின், ஆஸ்டியோபதித் திட்டத்தில் பயின்றவருக்கு இருதயச் சிகிச்சை முதலிய உயர் பயிற்சிகளின் வாயில் பெரிதும் அடைபட்டுவிடும். இதனால் இரு தரப்பினரும் பேச்சு நடத்தினர். அப்பேச்சு ஒரு முறை முறிந்து, பின்னர் தொடர்ந்து, 2014 பிப்ரவரியில் உடன்பாடாக முடிந்தது. 2015 ஜூலை 1 முதல் 2020 ஜூன் 30 வரை 5 ஆண்டுகள் மாற்றத்திற்கென ஒதுக்கப்பட்டன.

இக்கால எல்லைக்குள் ஆஸ்டியோபதித் திட்டங்கள் அங்கீகாரக் கழகத்தின் அளவுகளை எட்ட வேண்டும். போதிய ஆசிரியர், ஆராய்ச்சி ஈடுபாடு, குறிப்பிட்ட அளவு நோயாளிகள், அறுவைத் துறையாயின் குறிப்பிட்ட அளவு அறுவைகள் என நிபந்தனைகள் பல. பொது அறுவை மருத்துவத்தில் பயிற்சி முடிப்பவர் குறைந்தது 850 பெரிய அறுவைகளைச் செய்திருக்க வேண்டும் என்னும் இன்றைய விதியைக் கொண்டு இவ்வளவுகளின் தன்மையை ஊகிக்கலாம். பெரும்பாலான திட்டங்கள் தேறின. சில சிறிய திட்டங்கள் இவ்வளவை எட்ட இயலாமல் மூடப்பட்டன. தரத்தை உயர்த்துங்கால் நேரும் இழப்பு இது. பயிற்சி மருத்துவர் இல்லாத சிறிய மருத்துவமனையில் பணியாட்கள் குறைவதோடு, பயிற்சி முடித்தவர் அவ்வூரிலேயே தங்கித் தொழில் புரியும் வாய்ப்பும் குறைகின்றது.

ஆஸ்டியோபதியின் தனித்தன்மையைக் காக்கவும் வழி செய்யப்பட்டது. கைமுறைச் சிகிச்சையையும் ஆஸ்டியோபதிக் கொள்கையையும் கற்பிக்க விரும்பும் திட்டங்கள் ‘ஆஸ்டியோபதி ஏற்பு’ என்னும் தனிச் சிறப்பைப் பெறலாம். தக்க முன்பயிற்சி பெற்ற எம்.டி. பட்டதாரிகளும் அத்திட்டங்களில் சேரலாம். முன்பு ஒருபுறம் மட்டும் திறந்திருந்த கதவு இவ்வாறு இருபுறமும் திறக்கப்பட்டது.

பணி நேர விதிகளும் இப்போது அனைவருக்கும் ஒன்றே. 4 வாரச் சராசரியில் வாரத்திற்கு 80 மணி நேரத்திற்கு மேல் பயிற்சி மருத்துவர் பணி புரியலாகாது. 7 நாட்களில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். தொடர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் நேரத்திற்கு 24 மணி நேரம் எல்லை. பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் அது தொடர்பான கல்விக்கும் மேலும் 4 மணி நேரம் வரை தங்கலாம். 80 மணி நேர எல்லையை அங்கீகாரக் கழகம் 2003 இல் வகுத்தது. 2011 இல் முதலாண்டினருக்கு 16 மணி நேரத் தனி எல்லை விதிக்கப்பட்டு, 2017 இல் அது நீக்கப்பட்டது. களைப்புற்ற மருத்துவரால் நேரும் பிழைக்கும், நோயாளியின் பொறுப்பு அடிக்கடி கைமாறுவதால் நேரும் பிழைக்கும் இடையே நடுநிலை காண்பது எளிதன்று என்பதை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன.

நோயாளி கண்ட பயன்

பட்டங்களையும் சங்கங்களையும் பற்றிய வாதங்கள் எவ்வாறாயினும், இறுதியில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: நோயாளி குணமடைகின்றாரா? 2023 இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இவ்வினாவிற்கு விடை தேடிற்று. 2016 முதல் 2019 வரை அவசர நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 65 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோரின் பதிவுகள் ஆராயப்பட்டன. மொத்தம் 3,29,510 சேர்க்கைகள். அவற்றுள் 77 சதவீதம் எம்.டி. மருத்துவர்களாலும், 23 சதவீதம் டி.ஓ. மருத்துவர்களாலும் கவனிக்கப்பட்டவை.

இவ்வாய்வின் முறையைக் கவனித்தல் பயனுடைத்து. மருத்துவரை நோயாளியே தேர்ந்தெடுப்பாராயின், ஒரு சாராரிடம் நோய் முற்றியவர் மிகுதியாகச் செல்லக் கூடும். அப்போது ஒப்பீடு பழுதாகும். அவசர நிலையில் வரும் நோயாளியோ, அவ்வேளையில் முறைப்பணியில் இருக்கும் மருத்துவரிடமே ஒப்படைக்கப்படுகின்றார். அதனால் இரு சாராரின் நோயாளிகளும் பெரிதும் ஒத்திருந்தனர். ஒரே மருத்துவமனையின் மருத்துவர்களே தமக்குள் ஒப்பிடப்பட்டனர். 30 நாட்களுக்குள் இறந்தோர் எம்.டி. மருத்துவர்களின் நோயாளிகளில் 9.4 சதவீதம், டி.ஓ. மருத்துவர்களின் நோயாளிகளில் 9.5 சதவீதம். மீண்டும் மருத்துவமனைக்கு வர நேர்ந்தோர் முறையே 15.7, 15.6 சதவீதம். மருத்துவமனையில் தங்கிய காலம் இரு சாராரிடத்தும் சராசரியாக 4.5 நாட்கள். பொருட்படுத்தத்தக்க வேற்றுமை எதுவும் இல்லை. முதியோரின் மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டுமே இம்முடிவு பொருந்தும். அறுவைக்கோ பிற வயதினர்க்கோ இதனை விரித்துக் கூறலாகாது.

ஆஸ்டியோபதிக்கே உரிய கைமுறைச் சிகிச்சையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 1999 இல் வெளியான ஓர் ஆய்வில், கீழ் முதுகு வலியுடையோர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றனர். 12 வாரங்களின் முடிவில் வலி குறைந்த அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. கைமுறைச் சிகிச்சை பெற்றவருக்குத் தேவைப்பட்ட வலி மருந்துகள் குறைவு. ஆகவே முதுகு வலியில் இதற்கு ஓரளவு பயன் உண்டு எனலாம். மண்டையோட்டு எலும்புகளைத் தொட்டு நோய் நீக்குவதாகக் கூறும் முறைக்கோ அறிவியல் ஆதாரம் கிட்டவில்லை. டி.ஓ. மருத்துவர்களுள்ளும் பலர் தம் அன்றாடத் தொழிலில் கைமுறைச் சிகிச்சையை அரிதாகவே கையாளுகின்றனர்.

எஞ்சியுள்ள வேற்றுமைகள்

பயிற்சிக் களம் ஒன்றாயினும், அதனுள் நுழையும் வாயிலில் வேற்றுமைகள் முற்றிலும் மறையவில்லை. எம்.டி. மாணவர் ஒரு வகை உரிமத் தேர்வும், டி.ஓ. மாணவர் மற்றொரு வகை உரிமத் தேர்வும் எழுதுகின்றனர். சில பயிற்சித் திட்டங்கள் எம்.டி. தேர்வின் முடிவையே எதிர்பார்ப்பதால், டி.ஓ. மாணவர் பலர் இரண்டையும் எழுதும் சுமையை ஏற்கின்றனர். ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் பலவற்றிற்குச் சொந்தப் பயிற்சி மருத்துவமனை இல்லை. அவற்றின் மாணவர் தொலைவிலுள்ள பல மருத்துவமனைகளுக்குச் சென்று பயில்கின்றனர். மூளை நரம்பு அறுவை, உருச்சீரமைப்பு அறுவை முதலிய போட்டி மிகுந்த துறைகளில் டி.ஓ. பட்டதாரிகள் இன்றும் சிலரே.

மொத்த நிலையை நோக்கினாலோ இடைவெளி பெரிதும் குறைந்துள்ளது. 2024 ஆம் ஆண்டு இணைப்பில், எம்.டி. இறுதியாண்டு மாணவருள் 93.5 சதவீதத்தினரும், டி.ஓ. இறுதியாண்டு மாணவருள் 92.3 சதவீதத்தினரும் முதலாண்டுப் பயிற்சி இடம் பெற்றனர். அமெரிக்க மருத்துவ மாணவருள் நான்கில் ஒருவருக்கு மேல் இன்று ஆஸ்டியோபதிக் கல்லூரியில் பயில்கின்றார். டி.ஓ. மருத்துவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய முதல்நிலைத் துறைகளில் பணி புரிகின்றனர். மருத்துவர் பற்றாக்குறை மிகுந்த ஊர்களுக்கு இவர்களுடைய சேவை இன்றியமையாதது.

முடிவுரை

பட்டத்தின் பெயரைக் கொண்டு மருத்துவரை மதிப்பிடும் வழக்கம் எளிதானது, ஆனால் நம்பத்தக்கதன்று. பயிற்சி பெற்றவர் எத்தனை நோயாளிகளைக் கண்டார், யாருடைய மேற்பார்வையில் கண்டார், அவருடைய பிழைகளைத் திருத்த யார் இருந்தனர், முடிவில் அவரை அளந்த அளவுகோல் எது என்னும் வினாக்களே முக்கியமானவை. அமெரிக்காவில் இரு சாராரும் இவ்வினாக்களுக்கு ஒரே வகையில் விடை கூற வேண்டியவரானபோது, பிரித்து வைத்திருந்த சுவருக்குத் தேவை இல்லாமற் போயிற்று.

நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் வழங்கும் எம்.டி., எம்.எஸ். பட்டங்களோடு, 1975 இல் தொடங்கப்பட்ட தேசியத் தேர்வு வாரியத்தின் பட்டமும் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கு வழியாக உள்ளது. இவ்விரண்டின் சமநிலை பற்றிய வினா இங்கும் எழுந்ததுண்டு. கிராமச் சுகாதாரப் பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு வழி கூறும் நிலையில் உள்ளவர்கள். ஒரு மருத்துவரைப் பற்றியோ ஒரு சிகிச்சை முறையைப் பற்றியோ கேட்போருக்கு அவர்கள் கூறத்தக்கது இதுவே: பெயரை நோக்கி மயங்கவும் வேண்டா, வெறுக்கவும் வேண்டா, சட்டப்படி பதிவு பெற்றவரா, தக்க பயிற்சி பெற்றவரா, அவர் கையாளும் முறைக்கு ஆதாரம் உண்டா என்று கேட்டறிந்து செல்க.